ஞாயிற்றுக்கிழமைக் கண்ணாடி

என்னிடம் இரண்டு மூக்குக் கண்ணாடிகள் இருந்தன. ஒன்று போட்டுக்கொள்ள, இன்னொன்று வைத்துக்கொள்ள.

போட்டுக்கொள்வதற்கு ஐந்து வயது. வலது காதில் மாட்டும் கம்பி ஒருமுறை கழன்றுவிட, கறுப்பு நூலைச் சுற்றி மேலே பசை தடவியிருந்தேன். அதனால் கொஞ்சம் கோணலாகத்தான் உட்காரும். லென்ஸ் முழுக்கக் கீறல். விளக்கைப் பார்த்தால் விளக்கைச் சுற்றி முடி முளைத்த மாதிரி இருக்கும்.

வைத்துக்கொள்வது கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிக்குள், ஒரு கம்பளிக் காலுறைக்குள், கெட்டி டப்பாவுக்குள், மஞ்சள் துணியில் சுற்றியபடி இருந்தது. தேன் நிற ஃபிரேம். கையில் எடுத்தால் எடுத்ததே தெரியாத கனம். வேலைக்குப் போகும் முன் ஒருமுறை, வந்த பின் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்ப்பேன். இருக்கும். எங்கே போகப்போகிறது? ஆனாலும் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டால் அன்று முழுக்க அதே ஞாபகமாக இருக்கும்.

அதைச் செய்து கொடுத்தது அக்கா. அவள் கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை செய்கிறாள். லென்ஸை ஃபிரேமுக்கு ஏற்ற வடிவத்தில் தேய்த்துப் பொருத்துவதும், வாங்குபவர் மூக்கில் சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பதும் அவள் வேலை. அந்த ஃபிரேம் கடையின் கண்ணாடி அலமாரியில் இருந்த நாள் முதல் அவளுக்கு அதன் மேல் ஒரு கண். தனக்கு வாங்கிக்கொள்ளவில்லை. நான் வெளிநாடு கிளம்பும் வாரத்தில் எனக்கு வாங்கி, லென்ஸைத் தானே தேய்த்தாள். முதல் லென்ஸ் ஓரத்தில் உடைந்துவிட்டதாம். இரண்டாவதைச் செய்து முடிக்கும்வரை சாப்பிடப் போகவில்லையாம். விமான நிலையத்தில் என் மூக்கில் மாட்டிவிட்டு, இரண்டு காதுக்குப் பின்னாலும் விரல் விட்டுப் பார்த்து, "போட்டுட்டே போ" என்றாள். போட்டுக்கொண்டு போட்டோ எடுத்தோம். உள்ளே போனதும் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டேன். கூட்டத்தில் யாராவது இடித்துவிட்டால்?

இது எங்கள் வீட்டு வியாதி. டிவி ரிமோட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறை கிழிந்தபோது, உறைக்கு மேல் இன்னொரு உறை போட்டவர் அப்பா. அம்மாவிடம் விருந்தாளிகளுக்கென்று ஆறு பீங்கான் கோப்பைகள் இருக்கின்றன. விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள். கோப்பைகள்தான் வரவில்லை. கேட்டால், "வந்தவங்க ஒண்ணும் அவ்வளவு பெரிய ஆளுங்க இல்லையே" என்பாள்.

நான் ஒரு நாள் குறித்து வைத்திருந்தேன். வேலை நிரந்தரம் என்று சொல்லும் அன்றைக்கு அதை எடுத்துப் போட்டுக்கொள்வது. அதுவரை, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வீடியோவில் பேசும்போது மட்டும். கையைக் கழுவித் துடைத்துவிட்டு எடுப்பேன். பேசி முடித்ததும் திரும்ப மஞ்சள் துணிக்குள். அக்கா பாவம், நான் தினமும் அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. முதல் ஒரு வருடம் வீடுகளைச் சுத்தம் செய்தேன். தரையைத் துடைக்கப் பெரிய பார்வை வேண்டியதில்லை. பிறகு, ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவோம் என்ற பேச்சில் இந்த லாண்டிரியில் சேர்ந்தேன். முதியோர் இல்லங்களிலிருந்து வரும் துணிகளைத் துவைத்து, உலர்த்தி, மடித்து, அவரவருக்குத் திருப்பி அனுப்பும் இடம். ஒவ்வொரு துணியின் கழுத்திலும் நகத்தளவு வெள்ளை லேபிள் ஒட்டியிருக்கும். அதில் ஐந்து இலக்க எண். நான் அதைப் படித்து, அதே எண் எழுதிய கட்டத்தில் துணியைப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் நூறு தடவை துவைத்த லேபிளில் மூன்றும் எட்டும் ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஆறும் சில சமயம் அவர்களோடு சேர்ந்துகொள்ளும்.

படிக்க முடியாத துணியைப் போட மேசைக்குப் பக்கத்தில் ஒரு கூடை உண்டு. சந்தேகக் கூடை. சாயங்காலம் பதிவேட்டை வைத்து, அதில் கிடப்பது யாருடையது என்று கண்டுபிடிப்பார்கள். ஆறு மாதத்தில் நான் அதில் ஒரு துணிகூடப் போட்டதில்லை. போட்டால் எனக்குக் கண் தெரியவில்லை என்று ஆகிவிடுமே. சந்தேகம் வந்தால் மனதுக்குள் ஒரு எண்ணை முடிவுசெய்து போட்டுவிடுவேன்.

மேசைக்கு அடுத்து கிழிசல் தைக்கும் அம்மா உட்கார்ந்திருப்பார். கையில் இருப்பதைவிட வாயில்தான் அவருக்கு ஊசி அதிகம் என்பதால் எல்லோரும் ஊசியம்மா என்போம்.

"ஏம்மா, அந்தச் சட்டையப் படிக்கிறியா, மோந்து பாக்குறியா?" என்பார் நான் லேபிளை மூக்கருகில் கொண்டுபோகும்போது.

"லேபிள் அழிஞ்சிருக்கும்மா."

"உன் கண்ணாடியத் துவைக்கப் போட்டுப் பாரேன். கொஞ்சம் வெளுக்கும்."

"வீட்ல புதுசு இருக்கு."

"வீட்ல இருந்து என்ன பண்ணுது? சமைக்குதா?"

சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம். எதைச் சொல்வதற்கும் முன்னால் சுவரில் இருக்கும் கடிகாரத்தை ஒருமுறை பார்ப்பார். ஒரு சனிக்கிழமை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஒரு ஸ்வெட்டர். நீலம். மரப் பட்டன் வச்சது. ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. கடைசி எண் மூன்றா எட்டா என்று நான் அரை நிமிடம் யோசித்த ஸ்வெட்டர்.

"அது வேற ஒரு பாட்டிக்குப் போயிருச்சு. அந்தப் பாட்டிக்கு அது ரொம்பப் பிடிச்சிருச்சு. மூணு நாளா கழட்ட மாட்டேங்குதாம். ஸ்வெட்டருக்குச் சொந்தக்கார பாட்டி எதிர்க் கட்டில்ல உக்காந்து அதையே பாத்து அழுதுட்டிருக்காம். அதோட பையன் போன் பண்ணி என்னைப் பேசுன பேச்சு இருக்கே..."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய விஷயம். கையிலிருந்த சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தேன்.

"இந்த மாசத்துல மூணாவது. அடுத்த வாரத்தோட உனக்கு ஆறு மாசம் முடியுது. வெள்ளிக்கிழமை நாப்பது லேபிள் எடுத்து வைப்பேன். என் முன்னாடி படிக்கணும். அத வச்சுத்தான் நான் ஆபீஸுக்கு எழுதணும்."

வேலை போனால் இந்த ஊரில் தங்கும் அனுமதி போகும். அதற்கு மேல் யோசிக்காமல் இருக்க, அன்று சாயங்காலம் ஏற்கெனவே சுத்தமாக இருந்த அறையை இரண்டு தடவை பெருக்கினேன்.

மறுநாள் ஞாயிறு. அறைத்தோழி சுவர்ப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்ததால், வழக்கமான மூலையை விட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து பேசினேன். புதுக் கண்ணாடி மூக்கில் இருந்தது. நேற்று நடந்ததைச் சொல்லக் கூடாது என்று மனதில் இருந்தது.

"என்னடி, கண்ணெல்லாம் வீங்கியிருக்கு?" என்றாள் அக்கா.

"தூக்கம் சரியில்லக்கா."

"கண்ணாடியக் கழட்டு, பாப்போம்."

கழற்றினேன். அக்கா திரைக்கு மிகவும் பக்கத்தில் வந்தாள். அவள் நெற்றி மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

"ஜன்னல் பக்கம் திரும்பு. இந்தப் பக்கம். ம்."

"என்னக்கா?"

"மூக்குல தழும்பு ஏன் கீழ இருக்கு?"

எனக்குப் புரியவில்லை. மூக்கைத் தொட்டுப் பார்த்தேன்.

"நான் செஞ்ச ஃபிரேம் மேல உக்காரும். உனக்குத் தழும்பு ஒரு விரல் கீழ இருக்கு. வலது பக்கம் வேற ஆழமா இருக்கு. கோணக் கண்ணாடி போடறவங்க மூக்குதான் இப்படி இருக்கும். ஒரு நாளைக்கு இருபது மூக்கப் பாக்கறேன்டி, எங்கிட்டயா? அதக் கிட்ட கொண்டா. மூக்குல படுமே, அந்த ரப்பரக் காட்டு."

காட்டினேன்.

"ஒன்றரை வருஷம் போட்டா மஞ்சளாயிருக்கணும். கடையில இருந்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு." அக்கா குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நான் உனக்கு என்னடி செஞ்சு குடுத்தேன்? கண்ணாடியா, சிலையா?"

பின்னாலிருந்து அம்மா குரல் கேட்டது. "என்ன அங்க, ரெண்டு பேரும்?"

"ஒண்ணுமில்லம்மா. உன் சின்னப் பொண்ணு மூக்கப் பத்திப் பேசிட்டிருக்கோம்."

"அது மூக்குக்கு என்ன? அப்படியே அப்பா மூக்கு."

அம்மா போன பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மூன்று தவறுகள், நீல ஸ்வெட்டர், எதிர்க் கட்டில் பாட்டி, வெள்ளிக்கிழமை, நாற்பது லேபிள், பெட்டிக்குள் இருக்கும் காலுறை.

"ஒரு தடவையாச்சும் அதப் போட்டுட்டு வெளிய போனியா?"

"ஞாயித்துக்கிழமை..."

"ஞாயித்துக்கிழமை நான் பாக்கறதுக்குப் போட்ட. நீ பாக்கறதுக்குப் போட்டியா?"

"உடைஞ்சிருமோன்னு இருந்துச்சுக்கா. இது போனா, இதே மாதிரி இங்க எங்க கிடைக்கும்? வேலை நிரந்தரமானதும் போட்டுக்கலாம்னு..."

"நல்லா இருக்கு நியாயம். கண்ணு தெரிஞ்சாத்தான் வேலை நிலைக்கும். வேலை நிலைச்சாத்தான் கண்ணு தெரியணுமாம். கேக்கறவங்க சிரிப்பாங்கடி." மூச்சு விட்டாள். பிறகு கடையில் வாடிக்கையாளரிடம் பேசும் குரலுக்கு மாறினாள். "சரி, கேளு. பழசுல இல்லாத சிலிண்டர் பவர் இதுல இருக்கு. மூணு, எட்டெல்லாம் பிரிஞ்சு தெரியறதுக்குத்தான் அது. ஆனா கண்ணுக்குப் பழகணும். நாலஞ்சு நாள் தரை சாயும், தலை சுத்தும். நடுவுல கழட்டின, மறுபடி முதல்லேருந்து."

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாயிடுமா?"

"இத ஒன்றரை வருஷம் முன்னாடி கேட்டிருந்தா, கண்டிப்பான்னு சொல்லியிருப்பேன்."

"இப்ப?"

"இப்பப் போடு. பவர் மாறாம இருக்கணும்னு வேண்டிக்க. பழசு எங்க?"

"மேசை மேல."

"அதத் தூக்கி அந்தக் காலுறைக்குள்ள போடு."

திங்கட்கிழமை காலையில் வாசற்படி எனக்காகவே தாழ்வாக இருந்தது. நடைபாதை இடது பக்கம் சரிந்தது. பஸ்ஸில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கையை எடுத்தால் நான் விழுவேன், எடுக்காவிட்டால் இடிப்பவர்களிடமிருந்து கண்ணாடியைக் காக்க முடியாது. லாண்டிரியில் நீராவி வந்து லென்ஸை மூடியது, துணித் தூசி வந்து அதன் மேல் உட்கார்ந்தது. மணிக்கு மூன்று தடவை துடைத்தேன். லேபிள்கள் தெளிவாக இருந்தன, ஆனால் நிற்கவில்லை. எண்கள் தட்டில் விட்ட தண்ணீர் மாதிரி ஒரு பக்கமாக ஓடின.

ஊசியம்மா பார்த்துவிட்டு, "சமைக்கறத விட்டுட்டு வந்திருச்சா?" என்றார். தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, நான் தள்ளாடினால் பிடித்துக்கொள்ள மேசை விளிம்பைக் காலியாக விட்டார்.

செவ்வாய்க்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். காலையில் கிளம்பும்போது பழைய கண்ணாடியைக் காலுறையிலிருந்து எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன், ஒரு தைரியத்துக்கு. பதினொரு மணிக்குத் தலை பிளந்தது. கழிவறைக்குப் போய் மாற்றிக்கொண்டேன். தரை நேரானது. அப்பாடா என்று ஒரு மணி நேரம் வேலை பார்த்தேன். திரும்பப் புதியதைப் போட்டபோது சுவர் என் மேல் விழ வந்தது. அக்கா சொன்ன மாதிரியே, மறுபடி முதலிலிருந்து.

"காலையில ஒரு முகம், மத்தியானம் ஒரு முகம்," என்றார் ஊசியம்மா. "இதுல எந்த முகத்துக்கு வெள்ளிக்கிழமை பரீட்சை?"

அன்று வீட்டுக்குப் போனதும் பழைய கண்ணாடியை அறைத்தோழியிடம் கொடுத்து, எங்கேயாவது ஒளித்துவைக்கச் சொன்னேன். "காசு பணத்தத்தான் ஒளிச்சு வைக்கச் சொல்லுவாங்க," என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

புதன்கிழமை மூன்று மணி இருக்கும். துணி மாட்டிய வண்டியை இழுத்தபோது ஒரு கம்பி ஹேங்கர் தெறித்து முகத்தில் அடித்தது. வலிக்கவில்லை. சத்தம்தான் கேட்டது. கிர்ரென்று.

கழற்றிப் பார்க்கப் பயமாக இருந்தது. கழற்றிப் பார்த்தேன். இடது லென்ஸின் வெளி ஓரத்தில், அரிசி நீளத்துக்கு ஒரு கோடு.

ஒன்றரை வருடம். காலுறை, டப்பா, மஞ்சள் துணி. மூன்றே நாளில் போய்விட்டது. துணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. அக்கா சாப்பிடாமல் மெஷின் முன்னால் நின்றதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

ஊசியம்மா வந்து கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இதுவா?"

"எங்கக்கா செஞ்சதும்மா."

"படிக்கிற இடத்துலயா விழுந்திருக்கு? ஓரத்துல. காது பக்கம். நீ என்ன காதால பாக்கப்போறியா?" என் மூக்கில் அவரே மாட்டிவிட்டார், ஆனால் காதுக்கு மேல் முடி சிக்கிக்கொண்டது. "எந்திரி. அந்தாளு கடிகாரத்தப் பாக்க ஆரம்பிச்சுட்டாரு."

வியாழக்கிழமை மதியம் வாக்கில், எப்போது என்று தெரியவில்லை, எண்கள் நின்றன. ஒரு பைஜாமாவின் லேபிளைப் பார்த்தேன். மூன்று. அதற்கு அடுத்தது எட்டு. இரண்டும் வேறு வேறு. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. ஆறு மாதத்தில் நான் மனதுக்குள் முடிவுசெய்து போட்ட சட்டைகள் எத்தனை? எத்தனை பேர் யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு, கேட்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்? அன்று பதினான்கு துணிகளைச் சந்தேகக் கூடையில் போட்டேன். கடிகாரம் கூடையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், போய்விட்டார். அவ்வளவுதான், தொலைந்தோம் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை நாற்பது துணிகளும் மேசையில் வரிசையாக இருந்தன. கழுத்து மட்டும் என் பக்கம் தெரிந்தது. கடிகாரம் கையில் தாள் வைத்திருந்தார்.

நான் எண்ணைச் சொல்ல, அவர் பேனாவால் தட்டினார். சரிக்கும் ஒரே தட்டு, தப்புக்கும் ஒரே தட்டு. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இருபத்தாறாவது ஒரு கோடு போட்ட சட்டை. லேபிளில் முதல் இரண்டு எண்கள் இருந்தன. மீதி வெறும் சாம்பல் நிறம். நாற்பத்து மூன்று... அடுத்து ஆறு என்று வாய் வரை வந்துவிட்டது. பழக்கம்.

"இது தெரியல சார்."

"நல்லாப் பாரு."

பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தேன்.

"தெரியல சார். கூடைக்குத்தான் போடணும்."

ஒரு தட்டு. அடுத்தது.

முடிந்ததும் தாளைக் கூட்டிப் பார்த்தார். பின்னால் ஊசியம்மாவின் தையல் மெஷின் நின்றிருந்தது.

"ரெண்டு தப்பு," என்றார்.

"சார்..."

"அது போக, ஒண்ணு தெரியலன்னு சொன்ன."

"அது நிஜமாவே அழிஞ்சுபோயிருக்கு சார்."

"தெரியும். நான்தான் வச்சேன். உனக்கு முன்னாடி நாலு பேருகிட்ட அதே சட்டையக் காட்டினேன். நாலு பேரும் நாலு நம்பர் சொன்னாங்க, படபடன்னு."

"அப்ப வேலை..."

"நிரந்தரம்னு எழுத மாட்டேன். ரெண்டு தப்பு இருக்குல்ல? இன்னும் ஒரு மாசம் பாக்கலாம்னு எழுதறேன்." கடிகாரத்தைப் பார்த்தார். "வண்டி வந்திருச்சு, இறக்கு."

ஊசியம்மாவின் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

ஒரு மாதம். தூக்கிவிட்டார்களா, தள்ளிவிட்டார்களா என்று தெரியாத ஒரு மாதம். அன்று முழுக்க அதையே மனதில் உருட்டிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து தெருவில் இறங்கியபோது அக்காவுக்குப் போன் போட்டேன். கடையில் கூட்டம் போலிருக்கிறது. பின்னால் யாரோ ஃபிரேமின் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சீக்கிரம் சொல்லு."

"இன்னும் ஒரு மாசம் பாக்கறாங்களாம். அப்புறம் அக்கா... கண்ணாடியில ஒரு கீறல் விழுந்திருச்சு."

அக்கா யாருக்கோ "அது எண்ணூறு ரூபாய்ங்க" என்று பதில் சொன்னாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"எந்த லென்ஸு?"

"இடது. ஓரத்துல."

"ஆழமா?"

"நகம் மாட்டுது."

"ம்." அவளுக்கு வலித்தது, எனக்குக் கேட்டது. "தலை வலிக்குதா?"

"இல்ல."

"சரி. கீறலப் போட்டோ எடுத்து அனுப்பு. கழட்டி எடுக்காத, மூக்குல இருக்கும்போதே எடு." போனை வைத்துவிட்டாள்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நிழற்குடைக்குள் இடமில்லை, ஓரத்தில் நின்றேன். முதல் துளி லென்ஸில் விழுந்ததும் கை தானாகக் கழற்றப் போனது. பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டால் பத்திரம். ஆனால் தெருக் கோடியில் ஒரு பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. கழற்றினால் அதன் எண் தெரியாது.

கையை இறக்கினேன். துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கீழே வழிந்தன. அவற்றுக்கு நடுவே கிடைத்த சின்ன இடைவெளி வழியாக, பஸ்ஸின் நெற்றியில் இருந்த எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தேன். நான்கு. ஏழு. மூன்று, நிச்சயமாக மூன்று.

என் பஸ் இல்லை. நனைந்துகொண்டே அடுத்ததைப் பார்த்து நின்றேன்.